கால்மழை

ஸ்கேன் சென்டரில் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதுதானே? மற்ற எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். அவர் உட்கார்ந்த மாத்திரத்தில் வலது குதிகால் தன் பாட்டுக்குத் தரையைத் தட்ட ஆரம்பித்தது. நாற்காலிகள் ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பிணைத்தவை. அந்தத் தட்டல் கடைசி நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் தாடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"காலை அடக்கி வைங்களேன். நிலநடுக்கம்னு நினைச்சி அவரு எந்திரிச்சி ஓடிடப் போறாரு," என்றாள் மனைவி.

"நான் என்ன வேணும்னா பண்றேன்? அது பாட்டுக்கு ஆடுது."

"உங்க கால்தானே? பக்கத்து வீட்டுக் கால் இல்லையே?"

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். தாகமில்லை. தீயணைப்புக் கருவியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். லிஃப்ட் வாசலில் நின்று கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "உருளை தேஞ்சி போச்சு, இன்னும் ரெண்டு மாசம் தாங்காது," என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"அதைத்தான் இனிமே தொடாதீங்கன்னு சொல்லிட்டாங்களே. வந்து உட்காருங்க."

தொடாதே என்று சொன்னது கம்பெனி. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது தலை நிறைய முடி இருந்தது; அன்றிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்தான். அந்தரத்தில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மரை திருகுகிற ஆள். போன மாதம் மேல்மாடியிலிருந்து ஸ்பானர் கை நழுவி அடிக்குழிக்குள் போய் விழுந்தது. குழியில் யாரும் இல்லாதது யார் செய்த புண்ணியமோ. விரல்கள் மரத்துப்போன விஷயம் அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அவருக்கு வெகு நாளாகவே தெரியும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்து வீட்டில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்தால்தான் மாத்திரையா கத்தியா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். போன வாரம் எடுக்க வந்தார்கள். குழாய் மாதிரி இருந்த அந்த இயந்திரத்துக்குள் அவர் ஆடிய ஆட்டத்தில் படம் கலங்கிப்போய் வந்தது. "இது கழுத்தா, சிக்னல் போன டிவியா?" என்று கேட்டார் டாக்டர். மயக்கம் கொடுத்து எடுக்கலாமென்றால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஆளுக்கு அது வேண்டாத வம்பு என்று மயக்க டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆகவே இன்று மறுபடியும். இன்றும் ஆடினால் அடுத்து என்ன என்று யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் போதாதென்று அவரை நிலைகொள்ளவிடாத சங்கதி இன்னொன்று இருந்தது. அந்த இயந்திரத்தை இயக்குகிற இரண்டு பேரில் ஒருத்தி அவர் மகள்.

அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா என்றால், தினமும் உண்டு. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் அவர் அவளிடம் எஸ்பெராந்தோவில் பேசுவார். அவள் தமிழில் பதில் சொல்வாள். இருபது வருஷத்துக்கு மேலாக வீட்டில் இதுதான் நடப்பு. அவளிடம் அவர் இந்த ஜென்மத்தில் ஒரு தமிழ் வார்த்தை பேசியதில்லை. அவளோ ஆறு வயதுக்கு அப்புறம் அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. சாவதற்குள் அவள் வாயால் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் மனிதருக்கு மிச்சமிருந்த ஆசை. கை சரியாவதுகூட அதற்கு அடுத்தபடிதான்.

எஸ்பெராந்தோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு வருஷத்துக்கும் முன்னால், எல்லா நாட்டுக்காரர்களும் சுலபமாகக் கற்றுக்கொண்டு பேசட்டும் என்று ஒரு கண் டாக்டர் உட்கார்ந்து உண்டாக்கிய பாஷை. யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருக்கும் சொந்தம் என்பார்கள். நம் ஆள் அதைப் பத்தொன்பது வயதில் தபால் மூலம் படித்தார். மற்றவர்கள் அந்த வயதில் காதலிப்பார்கள். இவருக்கு இது.

அவரைப் பிடித்து உலுக்கியது அதன் கூட்டுச்சொற்கள். சின்னச் சின்னத் துண்டுகள். சேர்த்து மாட்டினால் சொல், கழற்றினால் துண்டு. 'ஃபெர்' என்றால் இரும்பு, 'வோயோ' என்றால் பாதை. 'ஃபெர்வோயோ' என்றால் ரயில் பாதை. நாமும் இருப்புப்பாதை என்றுதானே சொல்கிறோம் என்று கண்டுபிடித்த அன்று அவர் இரவுச் சாப்பாட்டை மறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு 'மால்சானுலேயோ'. அதைக் கழற்றினால் எதிர், ஆரோக்கியம், ஆள், இடம்: ஆரோக்கியத்துக்கு எதிரான ஆட்கள் இருக்கிற இடம். எந்தக் கூட்டுச்சொல்லிலும் கடைசியில் உட்காருகிற துண்டுதான் வீட்டுக்காரர், முன்னால் நிற்பவர்களெல்லாம் குடித்தனக்காரர்கள் என்பது அவர் சொல்கிற சூத்திரம். இடம் மாறினால் வீட்டுக்காரரே மாறிவிடுவார். கண் முன்னால் வந்து கண்ணாடி கடைசியில் வந்தால் அது மூக்குக்கண்ணாடி. கண்ணாடி முன்னால் போய்விட்டால் அது கண்ணாடியில் செய்த கண், குழியில் பொருத்துவது.

ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, யார் முதலில் ஒட்டினார்கள் என்று தேடி, அந்தப் பாஷைக்காரர்கள் நடத்தும் ஒரு சின்னப் பத்திரிகைக்குப் பத்தி எழுதி அனுப்புவார். ஒரு நாள் மனைவியிடம் ஓடிவந்தார். "கேட்டியா, 'எட்ஸீனோ'ன்னா பொண்டாட்டி. 'எட்ஸோ'ன்னா புருஷன். இதுல எது முதல்ல பொறந்துச்சு தெரியுமா? பொண்டாட்டிதான் முதல்லயாம். இளவரசிக்கான ஒரு சொல்லோட வாலை வெட்டித்தான் பொண்டாட்டி வந்தாளாம். அவள்ல இருந்து பெண் விகுதிய உருவிட்டா மிச்சம் புருஷன். அப்படித்தான் சொல்றாங்க."

"அந்தப் பாஷையிலயாவது உண்மைய ஒத்துக்கிட்டானுங்களே," என்று சொல்லிவிட்டு அவள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

கம்பெனியில் அவருக்குக் 'கழட்டி' என்று பெயர். மேஸ்திரி முதல் மேனேஜர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இயந்திரத்தைக் கழற்றினார் என்பதற்காக வைத்த பெயர் அல்ல, அதை எல்லாரும்தான் கழற்றினார்கள். டீ குடிக்கும்போது யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அதைப் பிடித்துத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்துவிடுவார். சொல்ல வந்தவன் சொல்ல வந்ததை மறந்து டீயை மட்டும் குடித்துவிட்டுப் போவான்.

மகள் பிறந்தபோது அவர் ஒரு முடிவெடுத்தார். உலகத்தில் அங்கங்கே சில வீடுகளில் குழந்தைகளுக்கு இந்தப் பாஷையே பிறவிப் பாஷையாக அமைந்திருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து இது. தன் பெண்ணும் அப்படி வளர வேண்டும். பிரசவ வார்டில், துணிச்சுருள் மாதிரி கிடந்த குழந்தையின் காதில் அவர் சொன்ன முதல் வாக்கியமே எஸ்பெராந்தோ. பக்கத்துக் கட்டில்காரி, "என்னங்க, உங்க வீட்டுக்காரரு ஏதாவது மந்திரிக்கிறாரா?" என்று கேட்டாள்.

குழந்தை அருமையாகப் பேசியது. அவரைப் 'பாச்யோ' என்று கூப்பிட்டது; அந்தப் பாஷையில் அப்பாவைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல். துண்டுகளை அதுவே ஒட்டியது. நாலு வயதில் ஒரு நாள் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போலக் குதிகாலைத் தட்டிக்கொண்டிருந்தார். குழந்தை தலையைத் தூக்காமலே சொன்னது: "பாச்யோ, பியெட்ப்ளூவோ." 'பியெட்' என்றால் பாதம், 'ப்ளூவோ' என்றால் மழை. தரைக்குள்ளிருந்து கேட்டால் அப்படித்தான் கேட்டிருக்கும், ஓட்டின் மேல் மழை விழுகிற மாதிரி. எந்த அகராதியிலும் இல்லாத சொல். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார்: நிலைகொள்ளாதவர் காலைத் தட்டும் சத்தம். பிறப்பிடம், ஒரு குழந்தை. எங்கேயோ கடல் தாண்டி ஒருவர் அதைத் தன் கடிதத்தில் எடுத்தாண்டிருந்தார். அந்தக் கடிதம் கிழிந்துபோகும் வரை சட்டைப்பையிலேயே இருந்தது.

இதுவரை எல்லாம் சரி. கோளாறு எங்கே என்றால், குழந்தை கதை சொல்ல ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு, "பாச்யோ, இன்றைக்கு என்ன ஆச்சு தெரியுமா, ஒரு பூனை மழைக்குடைக்குள்ளே..." என்று தொடங்கும். இவர் உடனே, "நில்லு. மழைக்குடையா? குடை என்றாலே போதுமே. அதில் மழைத் துண்டு எதற்கு? சரி, வெயிலுக்குப் பிடித்தால் என்ன சொல்வாய்?" என்று கையை உயர்த்துவார். பிள்ளை சொல்லும். "பேஷ். இப்போது அதைப் பிரி." பிரிக்கும். அதற்குள் பூனை எங்கேயோ போய்விட்டிருக்கும்.

அவர்கள் பேசுவது மனைவிக்குப் புரியாது. ஆனால் குழந்தையின் முகம் புரியுமே. அடுக்களையிலிருந்து தினமும் கத்துவாள்: "ஏங்க, அது என்னமோ சொல்ல வருது. அப்புறம் என்னாச்சுன்னு கேளுங்களேன்!"

அவர் கேட்டதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சொல் கையில் இருக்கும்போது கதை யாருக்கு வேண்டும்?

ஒன்றாம் வகுப்பு முடிகிற சமயம், ஒரு நாள் சாயங்காலம் அவள் வந்தாள். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவர் எஸ்பெராந்தோவில், "வந்துவிட்டாயா?" என்றார். அவள் தமிழில், "வந்துட்டேன்பா," என்றாள். அவ்வளவுதான். அன்றோடு சரி.

அவரும் சும்மா விடவில்லை. அந்தப் பாஷைக்காரர்கள் கூடுகிற இடத்தில் யாராவது தங்கள் சொந்தப் பாஷைக்குத் தாவினால் அவனை முதலை என்று கிண்டல் செய்வது வழக்கம். அதற்கென்றே ஒரு வினைச்சொல் உண்டு, 'க்ரோகோதீலி', முதலையாகப் பேசுவது. ஏன் முதலை என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதுவும் நிச்சயமில்லை. அவர் ஒரு பச்சைத் துணி முதலையை வாங்கிவந்து, மகள் தமிழில் பதில் சொல்லும்போதெல்லாம் அவள் தட்டுக்கு எதிரே உட்கார வைத்தார். இரண்டு நாள் அவள் அதை முறைத்தாள். மூன்றாம் நாள் அதற்கு ஊட்டிவிட்டாள். அடுத்த வாரம் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள். தண்டனை கொடுக்க வாங்கிய முதலை அவளுக்குத் தோழியாகிப் போனது. இப்போது அது அடுக்களைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் அவர் பாஷையிலிருந்து மனைவிக்குத் தெரிந்த ஒரே விஷயமும் அந்த முதலைதான்.

ஏன் நிறுத்தினாள்? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். "சும்மாதான்பா" என்பாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்திருக்கும், வெட்கம் வந்திருக்கும் என்று அவர் தானாக ஒரு காரணம் பொருத்திக்கொண்டார். சொற்களின் பிறப்பைத் தேடிப் பக்கம் பக்கமாக எழுதியவர் இதன் பிறப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை.

"உள்ள வாங்க சார்," என்று கூப்பிட்டது மகளோடு வேலை பார்க்கிற பையன். ஆள் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். சென்டரில் எல்லாரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு ஸ்கேன் எடுப்பதைக் கூட வேலை செய்கிறவர் பொறுப்பில் விடுவது அங்கே வழக்கம். மகள் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப்பக்கம், இயக்குகிற அறையில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாட்ச், பெல்ட், சாவி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு தட்டில் வாங்கிக்கொண்டான். அந்த அறைக்குள் இரும்பு நுழையக்கூடாது. இரும்போடு ஆயுள் முழுவதும் குடித்தனம் நடத்தியவருக்கு அதுவே அம்மணமாக நிற்கிற மாதிரி இருந்தது. மேசையில் படுக்கவைத்து, கழுத்தைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினான். காதுக்கு ஹெட்போன். கையில் ஒரு ரப்பர் பந்து.

"முடியலன்னா அதை அமுக்குங்க. மத்தபடி பேசக்கூடாது சார். எச்சில்கூட முழுங்க வேணாம், கழுத்து அசையும். கால், கை எதுவும் ஆடக்கூடாது. மொத்தம் ஒரு இருபது நிமிஷம்."

"ஆடல," என்றார். சொல்லும்போதே குதிகால் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தது.

மேசை உள்ளே போனது. லிஃப்ட் குழியில் படுத்து வேலை பார்த்தவருக்குக் குறுகலான இடம் ஒரு பொருட்டில்லை. பொருட்டாக இருந்தது சும்மா இருப்பது. இயந்திரம் டங் டங் என்று இடிக்க ஆரம்பித்தது. மூக்கு நுனி அரித்தது. கையில் பந்து வழுவழுவென்று இருந்தது. விரல்களுக்கு அது பந்து என்றே சரியாகத் தெரியவில்லை, அது வேறு பயத்தைக் கிளப்பியது. ஸ்பானர் விழுந்த சத்தம் ஞாபகம் வந்தது. விழுந்து, வெகு நேரம் கழித்து வந்த சத்தம். கால் ஆடியது.

"சார், கால்."

நிறுத்தினார். மூச்சு விடுவதற்குள் மறுபடி ஆடியது.

"சார், ப்ளீஸ்."

மூன்றாவது தடவை இயந்திரமே நின்றுவிட்டது. ஹெட்போனில் கரகரப்பு. தூரத்தில் நெட்டை யாரிடமோ, "போன தடவை மாதிரியேதான் இருக்கு. டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிடலாமா?" என்று கேட்பது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. குழாயின் வெள்ளைக் கூரை மூக்குக்கு மேலே இருந்தது. எல்லாரும் எழுந்து போய்விட்டார்களோ என்று நினைத்தார். மனதைத் திருப்ப மால்சானுலேயோவைக் கழற்றிப் பார்த்தார். எதிர், ஆரோக்கியம், ஆள், இடம். கழற்றி என்ன பிரயோஜனம்? எல்லாத் துண்டும் அவராகவே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஒரு சொல்லைப் பிரித்து.

ஹெட்போனில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"பாச்யோ," என்றது மகளின் குரல். "பியெட்ப்ளூவோ."

கால் நின்றது.

அவராக நிறுத்தவில்லை. அது நின்றது. கால் மட்டுமா, அவருக்குள் எல்லாமே ஒரு கணம் நின்றுபோனது.

"மழை நிற்கட்டும்," என்றது குரல், அந்தப் பாஷையிலேயே. "நான் பேசுவேன். நீங்கள் பேசக்கூடாது. இப்போது பேச முடியாது அல்லவா, அதனால்தான் பேசுகிறேன்."

இயந்திரம் மறுபடி இடிக்க ஆரம்பித்தது. அந்த இடிக்கு அடியில் அவள் குரல் வந்துகொண்டே இருந்தது. ஆறு வயதில் நின்றுபோன பாஷை அது. பெரியவர்களின் சொற்கள் அதில் இல்லை. இல்லாததற்கெல்லாம் அங்கேயே ஒட்டுப் போட்டாள். ஸ்கேன் இயந்திரத்தை 'இடிப்பெட்டி' என்றாள். எடுக்கிற படத்தைக் 'கழுத்துச் சித்திரம்' என்றாள். "உங்கள் கண்ணாடிக்கண் என்னிடம் பத்திரமாக இருக்கிறது," என்றாள்.

கண்ணாடிக்கண்! வீட்டுக்காரரைக் குடித்தனக்காரராக்கிவிட்டாள்! வேறொரு சமயமாக இருந்தால் அவர் கை தானாக உயர்ந்திருக்கும். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு துடித்தது. விழுங்கக்கூடாது. பேசக்கூடாது. இருபது வருஷத்துக்கு மேல் ஏங்கிக் காத்திருந்த குரல் காதுக்குள் வந்து பேசுகிறது, இவர் ஒரு 'உம்' கூடக் கொட்ட முடியாமல் மரக்கட்டையாகக் கிடக்கிறார். இதைவிடப் பெரிய தண்டனையை எந்தப் பச்சை முதலையும் கொடுத்திருக்க முடியாது.

"ஒரு கதை சொல்கிறேன்," என்றாள். "ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் வீட்டில் அப்பா எல்லாரிடமும் ஒரு பாஷை பேசுவார், அவளிடம் மட்டும் வேறு பாஷை பேசுவார். அதனால் அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? அது அப்பா பாஷை என்று நினைத்தாள். உலகத்தில் எல்லா அப்பாவும் வெளியே பொது பாஷை பேசுவார்கள், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் சொந்தப் பிள்ளையிடம் இதைத்தான் பேசுவார்கள் என்று நினைத்தாள்."

டங் டங் டங். அவர் கண்ணை மூடினார். பிறகு மூடினால் கண்ணீர் வழியும் என்று திறந்தார். திறந்தாலும் வழிந்தது. காதுப் பக்கமாக ஓடி ஹெட்போனுக்குள் இறங்கியது. துடைக்கக்கூடாது.

"வகுப்பில் அவளுக்கு ஒரு தோழி. ஒரு நாள் சாயங்காலம் தோழி பாவாடையை நனைத்துக்கொண்டாள். மழையில் இல்லை. வெட்கம். குழாய்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எங்க அப்பா ஸ்கூல் கேட் கிட்ட நிக்கிறாரு, நீ போய் அவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லு என்றாள்." நடுவில் ஒரு தமிழ் வாக்கியம் கலந்ததை அவளே கவனித்துச் சிரித்தாள். "நான் முதலை."

'நான்' என்று சொல்லிவிட்டாள். அவரும் கவனித்தார். சொல்லைக் கவனிக்கவில்லை, அவளைக் கவனித்தார்.

"நான் போனேன். பெரிய ஆள். ரொட்டிக்கடை வைத்திருப்பவர், சட்டையெல்லாம் மாவு. ரகசியம் என்றால் எந்தப் பாஷையில் சொல்ல வேண்டும்? அப்பா பாஷையில்தானே. நான் அவரிடம் எஸ்பெராந்தோவில் சொன்னேன். அவர் பார்த்தார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அப்பாக்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவருக்காவது புரிகிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன் பாச்யோ. ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ரொட்டிக்கடை அப்பா மெதுவாக என் பக்கம் வந்து..."

இடி நின்றது. மேசை உதறிக்கொண்டு வெளியே நகர்ந்தது. ஹெட்போனில் குரல் அறுந்துபோனது.

நெட்டை ஓடிவந்து கூண்டைக் கழற்றினான். "சூப்பர் சார்! படம் பளிச்சுனு விழுந்திருக்கு. நீங்களா இது?" அவர் அவனைப் பார்க்கவேயில்லை. மரத்த கையை ஊன்றி, தடுமாறி எழுந்து உட்கார்ந்தார். கதவில் மகள் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் மனைவி. கண்ணாடி இல்லாததால் இரண்டு பேரும் கலங்கலாகத் தெரிந்தார்கள். மகளின் தோள் மட்டும் கொஞ்சம் இறுகினது தெரிந்தது, சின்ன வயதில் அவர் கையை உயர்த்தியதும் இறுகுமே, அப்படி.

"அப்புறம்?" என்றார் அவர்.

மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம் என்னாச்சு? அந்த ஆளு வந்து என்ன பண்ணாரு?"

மகள் மெதுவாக இரண்டு அடி வைத்து உள்ளே வந்தாள். "பாச்யோ," என்றாள், அவர் பாஷையில். "முதலை."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறந்த அன்றிலிருந்து அவளிடம் பேசாத பாஷை, கேட்காமல் கொள்ளாமல் வெளியே வந்து விழுந்திருந்தது.

"முதலை கிடக்கட்டும். திட்டினாரா? அடிச்சாரா? சொல்லு."

"திட்டல." இப்போது அவளும் தமிழுக்கு வந்துவிட்டாள். மேசையின் விளிம்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "குனிஞ்சாரு. மாவுக் கையை என் தலையில வச்சாரு. 'என்ன கண்ணு, பயந்துட்டியா? யாரு உங்க அப்பா?'ன்னு கேட்டாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு அப்பா என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டது அன்னைக்குத்தான்பா முதல் தடவை. ரொம்ப நல்லா இருந்துச்சு. வீட்டுக்கு வந்தேன். நான் தமிழ்ல பேசினா நீங்களும் ஒரு நாள் அப்படிக் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன். அப்படியே பழகிப்போச்சு."

அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்த நெட்டையை மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அவன் கழுத்துக்கூண்டைத் துடைக்கப் போய்விட்டான்.

அவர் ஏதோ சொல்ல வேண்டும் என்று தேடினார். அந்தப் பாஷையில் ஆயிரம் சொல்லுக்குப் பிறப்பு தெரியும். மகளைக் கூப்பிட இந்தப் பாஷையில் அவரிடம் ஒரு சொல்கூட இல்லை. வாங்கி வைக்கவே இல்லை. ரொட்டிக்கடைக்காரரிடமிருந்துதான் கடன் வாங்க வேண்டியிருந்தது. கால் இரண்டும் மேசையிலிருந்து தொங்கின, ஆடவில்லை.

"என் கண்ணாடியக் குடு கண்ணு," என்றார். "உன் மூஞ்சி சரியாத் தெரியல."